வெள்ளிக்கிழமை தொட்ட கீழ்க்கோடு

பவானியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்த சிதம்பரத்துப் பெண்களுக்குத் தெரியும், அவள் கண் பாதி துணியில், பாதி கம்ப்யூட்டரில். மோட்டார் தையல் மெஷினுக்கென்று சேர்த்த பணத்தைப் பங்கில் போட்டுப் பெருக்கி, மெஷினோடு கடையும் வைத்துவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

கடலூரில் ஒரு பங்குத் தரகர் நடத்திய வகுப்பில் ஒரு வித்தையைப் பிடித்துக்கொண்டாள். இருபது நாள் சராசரி விலை நடுக்கோடு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. விலை துள்ளினால் கோடுகள் விலகும், அடங்கினால் நெருங்கும். மேல்கோட்டைத் தொட்டால் ஜனங்கள் ஆசையில் ஜாஸ்தி வாங்கிவிட்டார்கள், விற்கலாம்; கீழ்க்கோட்டைத் தொட்டால் பயத்தில் ஜாஸ்தி விற்றுவிட்டார்கள், வாங்கலாம்.

இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி. பங்கென்றாலே எல்லோரும் அலறிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் வைத்திருந்த சர்க்கரை ஆலைப் பங்கு கீழ்க்கோட்டைத் தொட்டது. தொட்டது தொட்டது, வெள்ளிக்கிழமையா பார்த்துத் தொட வேண்டும்?

"இன்னிக்கி காசு வெளிய போவக்கூடாது. லட்சுமி போயிடுவா" என்றான் புருஷன் மணவாளன். காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி உப்புகூடக் கொடுக்க விடமாட்டான்.

"லட்சுமியாம் லட்சுமி! கோடு காத்துக்கினு இருக்குமா?"

அன்று அவள் வாங்கவில்லை. அவன் சாம்பாரில் உப்பும் இல்லை.

திங்கட்கிழமை பார்த்தால் பங்கு இன்னும் கீழே. அப்புறமும் கீழ்க்கோட்டை ஒட்டியபடியே சறுக்கியது. வாங்கியிருந்தால் மெஷின் கனவு அதோகதி! கோட்டைத் தொட்டால் மட்டும் போதாது, விலை மறுபடி கோடுகளுக்கு உள்ளே திரும்ப வேண்டும் என்பது அப்போதுதான் பவானிக்கு உறைத்தது. புருஷனிடம் ஒப்புக்கொள்வாளா? மாட்டாள். ஆனால் சாம்பாருக்கு உப்பு வந்துவிட்டது.

விலை உள்ளே திரும்பியதும் வாங்கினாள். மறு வைகாசியில் அது மேல்கோட்டில் முட்டியது. மணவாளனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தொட்டுடுச்சே, வித்துத் தொலையேன்!"

"செத்த இருங்க. உள்ள திரும்பட்டும்."

அது இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பியது. விற்றாள். பணம் பாங்குக்கு வந்த அன்று காலையிலேயே மணவாளன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான், மெஷின் கடைக்குப் போக.

"இன்னிக்கி வெள்ளிக்கிழமைங்க. காசு வெளிய போவலாமா?"

மணவாளன் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான்.

"அட, மெஷினு உள்ளதான வருது! அதுவும் லட்சுமிதான். கெளம்புடி!"

பவானிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மெஷின் வந்து இறங்கியது. அதற்குக் குங்குமம் வைத்தவன் மணவாளன்தான்.