இரண்டு அறைகளுக்குள் கிடந்த கோல்

பழைய துணிநாடாவில் ஊறிய பிசினும் நோவுக்குப் பூசும் தைலமும் கலந்த ஒரு மணம், கனடாவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில், ஒரு குளிர்காலம் முழுவதும் என் தலைமாட்டில் இருந்தது. மாரெக் அங்கிள் ஊன்றிப் பாய்கிற கோலிலிருந்து வந்த மணம் அது. பதினாறு அடி நீளமான அந்தக் கோல் முன்னறைச் சுவரோரம் தொடங்கி, நடுவாசலைக் கடந்து, நாங்கள் படுக்கிற அறையின் ஜன்னலடியில் முடிந்தது. அது கிடந்த ஏழெட்டு மாதமும் அந்த இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவை மூட முடியவில்லை.

மாரெக் அங்கிள் போலந்துக்காரர். அப்பாவோடு ஒரே உணவகத்தில் "கோப்பை கழுவுற" வேலை செய்தார். எங்கள் கட்டடத்திலேயே ஏழாம் மாடியில் தனியாக இருந்தார். கோல் எலிவேட்டருக்குள் போகாது, படிக்கட்டிலும் திரும்பாது, பயிற்சி செய்கிற மண்டபத்தில் வைக்கவும் இடம் கொடுக்கவில்லை. எங்கள் வீடு தரைமாடி என்பதால் அப்பா ஜன்னலைத் திறந்து அதை உள்ளே வாங்கிக்கொண்டார்.

"உந்தத் தடி இஞ்ச என்னத்துக்கு? ஒரு கதவு பூட்டேலாமக் கிடக்கு" என்று அம்மா முணுமுணுப்பார்.

"கிடக்கட்டுமப்பா. அந்த மனிசன்ர சீவியமே உதுதான்" என்பார் அப்பா.

அந்தச் சீவியத்தை அப்பாதான் கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குச் சொன்னார். பதினாறு வயதிலேயே கோலூன்றிப் பாய்தலில் தன் ஊரில் எல்லோரையும் வென்று, இருபத்தைந்தாவது வயதில் ஒலிம்பிக் அணிக்குத் தெரிவானவர் மாரெக் அங்கிள். ஆனால் அந்த ஆண்டு அவருடைய நாடு அரசியல் காரணத்துக்காக ஒருவரையும் அனுப்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போன இடத்தில், விடுதியின் பின்கதவால் வெளியேறி, எப்படியோ கனடா வந்து சேர்ந்தார். மனைவியும் மூன்று வயது மகளும் போலந்திலேயே நின்றுவிட்டார்கள். இங்கே குடியுரிமை கிடைக்கும்வரை கனடாவுக்காகப் பாய முடியாது. கிடைத்தபோது வயது முப்பத்திமூன்று. வலது குதிக்காலில் தீராத நோவு. இங்கே பழையதாக வாங்கிய அந்த ஒரு கோலோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் வான் வண்டிக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு, பயிற்சிக்குப் போய் வந்தார்.

கனடா அணிக்கான தெரிவுப் போட்டி கோடையில் வந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டு என்னையும் கூட்டிப் போனார். எனக்கு ஒன்பது வயது. குதிக்காலைக் காப்பாற்ற நினைத்து மாரெக் அங்கிள் தாழ்ந்த உயரங்களில் பாயாமல் விட்டார். இளையவர்கள் பாய்ந்துகொண்டிருக்க, அவர் ஒரு துவாயைக் காலில் சுற்றிக்கொண்டு தனியே இருந்தார். அவருக்கான உயரம் வந்ததும் எழும்பினார். முதல் ஓட்டத்தில் கோல் சரியாக ஊன்றவில்லை. இரண்டாம் முறை ஓடி வந்து ஊன்றியபோது, வில்லாய் வளைந்த கோல் அவரைத் தூக்க, முழு உடம்பும் குறுக்குத் தடிக்கு மேலே போனதை நான் கண்டேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். இறங்கும்போது நெஞ்சு தடியில் மெல்லத் தொட்டது. தடி ஆடியது, நிற்கும்போல் இருந்தது, அவர் மெத்தையில் விழுந்தபின் அதுவும் விழுந்தது. மூன்றாம் முறை பாதி ஓட்டத்திலேயே குதிக்கால் விட்டுக் குப்புற விழுந்தார். மூன்று தடவையும் தவறியதால் முடிவுப் பலகையில் அவருடைய பெயருக்கு எதிரே ஓர் இலக்கமும் இல்லை.

கோலைப் பழையபடி எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனபின், ஒரு மாதம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் கைவாளோடு வந்தார். குப்பைக்குப் போட வசதியாகக் கோலை அறுக்கப் போகிறார் என்று விளங்கியதும், அத்தனை நாளும் முணுமுணுத்த அம்மா முன்னால் போய் நின்றார்.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அது தன்ரபாட்டில கிடக்கட்டும்."

அப்பா அதை ஆங்கிலத்தில் சொன்னார். மாரெக் அங்கிள் அம்மாவைப் பார்த்து, உங்கள் கதவு மூடவேண்டுமே என்றார். நிலத்தில் முழங்காலூன்றி மூன்று துண்டாக அறுத்து, விழுந்த தூளையும் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். அடுத்த வருடம் விமான நிலையத்தில் வேலை கிடைத்து மிசிசாகாவுக்குப் போய்விட்டார்.

போன மாசியில் அவர் இறந்துபோனார். அப்பாவுக்கு இப்போது நடக்க ஏலாது. நான் இப்போது இருக்கிற மோர்னிங்சைடிலிருந்து இறுதிச் சடங்குக்கு நான்தான் போனேன். பார்க்டேலில் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை, அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. இறுதிச் சடங்கில் ஏழெட்டுப் பேர்தான். போலந்திலிருந்து மகள் வந்திருந்தாள், கிட்டத்தட்ட என் வயதுதான். சின்ன வயதில் அவள் தன் அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம், பாயப் போய்விட்டார் என்றுதான் தாய் சொல்லி வளர்த்தாராம்.

"அவர் பாய்ந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பார்த்தேன். தடிக்கு மேலே முழு உடம்பும் போனது" என்றேன்.

"எவ்வளவு உயரம்?"

மண்டபத்தின் முகட்டைக் காட்டி, இதைவிட உயரம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அந்த முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடி விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.