கதவில்லாத லிஃப்ட்

நிதானம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துணிக்கடை, வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர் என்று ஆளுக்கொரு மாடியில் அடைந்து கிடக்கும் ஒரு பழைய கட்டிடத்தில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறவர். பொத்தானை அமுக்கினால் தானாகப் போய் நிற்கிற ரகம் இல்லை அது. கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் இரும்புக் கதவை இழுத்துத் திறக்க வேண்டும். ஒரு விரற்கடை ஏற இறங்க இருந்தாலும் மனுஷன் திறக்கமாட்டார். "நிதானம், நிதானம்" என்பார். பல்வலிக்காரன் தாடையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாலும் அதே பேச்சுதான். சனங்கள் சும்மா விடுவார்களா? அதையே பெயராக்கிவிட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. அவள் போய் யாரைப் பிடித்தாள் தெரியுமா? கடைத்தெருக் கோடியில் வீடியோ கேம் கூடம் நடத்துகிற மெக்கானிக்கை! "நல்லவர்ப்பா. நீங்க சரின்னாதான் சரி. வேண்டாம்னா விட்டுடறேன்" என்று சொல்லிப் பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் பையனின் அம்மா பதில் கேட்க வருகிறாள். பையன் தங்கம் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஆனால் அவன் பிழைப்பு என்ன பிழைப்பு? அது மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை. விளங்காத ஒன்றுக்குச் சரி என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் அவள் நிஜமாகவே விட்டுவிடுவாள், சொன்ன சொல் தவறாத பெண். அதை நினைத்தால்தான் அவருக்குப் பயம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே அந்தக் கூடத்துக்கே போய்விட்டார்.

மத்தியான நேரம், ஆள் இல்லை. மெக்கானிக் ஒரு மெஷினின் முதுகைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டான்.

"வாங்க மாமா."

மாமாவாம்! இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் உறவு கொண்டாடுகிறான். இருந்தாலும் அந்த இடி பலமான இடி, பார்க்கப் பாவமாக இருந்தது.

"இதுல என்னய்யா பண்ணுவாங்க?"

"விளையாடுவாங்க மாமா."

"விளையாடி?"

"ஜெயிப்பாங்க."

"ஜெயிச்சு?"

மெக்கானிக் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தான். "திரும்ப விளையாடுவாங்க."

சுத்தம்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நிதானத்துக்குத் தலை சுற்றியது. மெக்கானிக் பேச்சை வளர்க்காமல் அவரை ஒரு திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு கட்டிடத்தைக் குறுக்கே அறுத்து வைத்ததுபோல் தெரிந்தது. மாடிக்கு மேல் மாடி, நடுவில் ஏணிகள், ஓரத்தில் ஏறி இறங்கும் லிஃப்டுகள். அடியில் தொப்பி போட்ட குட்டி மனிதன். உச்சியில் ஒரு விளக்கு. மேலிருந்து உருண்டு வரும் டயர்களைத் தாண்டி, ஏறிப் போய், அந்த விளக்கை ஏற்ற வேண்டும். இடது கையில் பிடி, அதைச் சாய்த்த பக்கம் அவன் நடப்பான். வலது கையில் பொத்தான், அமுக்கினால் குதிப்பான்.

லிஃப்டைப் பார்த்ததும் நிதானத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம்மிடமா! குட்டி மனிதனை அதில் ஏற்றினார். அது மேலே போயிற்று. மாடி நெருங்கியது. அவர் மட்டம் வரட்டும் என்று காத்திருந்தார். லிஃப்டோ நிற்காமல் தன்பாட்டுக்குப் போய், கூரையில் அவனை நசுக்கிவிட்டது.

"செத்துட்டானா?"

"பரவால்ல மாமா, இன்னும் ரெண்டு உயிர் இருக்கு."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான்."

இரண்டாவது உயிரும் மட்டம் பார்த்தே போயிற்று. "மட்டம் வர்றதுக்கு முன்னாடியே குதிச்சுடணும் மாமா" என்றான் மெக்கானிக்.

"ஓடுற லிஃப்ட்லேருந்தா? கதவும் இல்ல, ஓட்டுறதுக்கு ஆளும் இல்ல! எந்தப் புண்ணியவான் இதைக் கட்டினான்? அவனை முதல்ல பிடிச்சு உள்ள போடணும்!" மூன்றாவது உயிரிலும் அவர் விரல் பொத்தானை அமுக்க மறுத்துவிட்டது. அத்தனை வருஷத்துப் பழக்கம், என்ன செய்வார் பாவம்?

அப்போது மகள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "லிஃப்ட் பூட்டிக் கெடக்குப்பா! உங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்து, இவரையும் கூட்டிக்கிட்டுத் தேடலாம்னு ஓடி வந்தேன்" என்றாள். திரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவிட, "தள்ளுங்கப்பா" என்று பிடியை வாங்கிக்கொண்டாள்.

அய்யோ, அவள் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! டயருக்கு மேலே குதித்தாள், ஓடுகிற லிஃப்டிலிருந்து ஓடுகிற லிஃப்டுக்குத் தாவினாள். ஒருமுறை தவறி விழுந்தாள். விழுந்ததற்குக் கலகலவென்று சிரித்தாள். இவளையா மாடிப்படியில்கூடக் கையை விடாமல் வளர்த்தோம் என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இவள் எப்போது இதெல்லாம் பழகினாள், யாரைப் போல இப்படித் தாவுகிறாள், ஒன்றும் பிடிபடவில்லை. பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

உச்சியில் விளக்கு எரிந்தது. மறுகணம் குட்டி மனிதன் மறுபடி அடியில் நின்றான். டயர்கள் முன்னைவிட வேகமாக உருண்டன.

"ஏறினவனை ஏம்மா கீழ கொண்டாந்து விட்டுட்டான்?"

"அடுத்த கட்டம்பா."

"அடுத்த கட்டம்னா மேலதானே இருக்கணும்?"

அவள் முதல் ஏணியில் ஏறத் தொடங்கியிருந்தாள். நிதானம் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "ஏணியில இறங்க முடியுமாய்யா?"

"இறங்கவா? யாரும் இறங்க மாட்டாங்களே மாமா. இறங்கினா எப்படி ஜெயிக்கறது?"

"ஜெயிக்கறது கெடக்கட்டும். பயமாயிருந்தா? முடியலைன்னா? ஏறின ஏணியிலேயே திரும்பி வர முடியுமா, முடியாதா?"

மெக்கானிக் அவளிடமிருந்து பிடியை வாங்கிக் கீழ்நோக்கி இழுத்தான். குட்டி மனிதன் படிப்படியாக இறங்கித் தரையில் நின்றான். "வர்றான் மாமா" என்றான், அவனுக்கே ஆச்சரியம்.

நிதானம் அவனை நேராகப் பார்த்தார். "சாயங்காலம் உங்கம்மாவை வரச் சொல்லு. எனக்குச் சம்மதம். உன் தொழில் எனக்கு இன்னும் புரியலை. இவளையும் இன்னைக்குப் புரியலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்னைக்காவது இவ எல்லாத்தையும் விட்டு இறங்கி என் வீட்டுக்கு வந்தா, ஏன் வந்தேன்னு நானும் கேக்க மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

"அப்பா, நான் எதுக்கு..." என்று தொடங்கிய மகள் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் கைகட்டி நின்றான். "கேக்க மாட்டேன் மாமா. ஆனா அன்னைக்கு நானும் கூடவே வந்துடுவேன்."

"உன்னோட சண்டை போட்டுட்டு வர்றவ கூட நீ எப்படிய்யா வருவே?"

"இவ இல்லாம நான் மட்டும் இங்க என்ன மாமா பண்றது?"

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நிதானம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடியும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பயம் மட்டும் போயிருந்தது.