குரலுக்குக் குளிரூட்டியவள்

பிரிட்ஜ் அக்கா என்றால் பேருந்து நிலையத்தைச் சுற்றி நாலு தெருவுக்கும் தெரியும். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது தொழில்; கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவாள். வாயும் லேசுப்பட்டதல்ல. அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் எவருமில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டுக்காரரின் குரல் என்றால் உயிர்.

அவர் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்ததில் ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்து, அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும்படி கணினியில் ஏற்பாடு செய்து கொடுத்தாள் மகள். மறுபடி வேலைக்குப் போனார். ஆனால் தகரக் கூரை போட்ட அந்த அறையில் மதியமானால் கணினி கொதித்துப்போகும். "ஐந்தாம் நடைமேடையில் நிற்கும்..." என்று ஆரம்பித்துப் பாதியில் அணைந்துவிடும். எந்த வண்டி என்று தெரியாமல் ஜனங்கள் அல்லாடுவார்கள்.

மேலாளர் நல்ல மனிதர்தான். "அக்கா, இன்னொரு தடவை நின்னுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. ரெடிமேட் குரலை வாங்கிப் போட்டுடுவாங்க" என்றார்.

"எவளோ பேசறதுக்கா இவரு இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினாரு? நான் பாத்துக்கறேன்!"

சின்னத் தண்ணீர் குளிர்விப்பான்களுக்குள் தீப்பெட்டி அகலத்தில் வெள்ளைத் தகடு ஒன்று இருக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் ஜில்லிடும், மறுபக்கம் சுடும். கெட்டுப்போன குளிர்விப்பான்களிலிருந்து நல்ல தகடுகளாக மூன்றைக் கழற்றினாள். குளிர்ந்த பக்கத்தைச் செப்புப் பட்டை வழியாகக் கணினியின் மூளையான சில்லோடு சேர்த்து, சுடும் பக்கத்துக்கு விசிறி வைத்தாள். அவர் விடுமுறை நாளில் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? எவ்வளவு குளிருமோ அவ்வளவும் நல்லது என்று முழு வேகத்தில் ஓடவிட்டாள்.

சில்லு வியர்த்தது. சொட்டு இறங்கியதும் கணினி படக்கென்று அணைந்தது. அவர் முகம் வாடிப்போனது. அக்கா சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினாள்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க! பிரிட்ஜ் கதவுல தண்ணி கோக்குறதத் தினம் தொடைக்கிறவ நான். எனக்கா இது தெரியாமப் போச்சு? சீ!"

தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி உலர்த்தினாள். கணினி தப்பியது. சில்லைச் சுற்றி ஈரம் புகாதபடி பஞ்சு ரப்பர் ஒட்டினாள். சில்லின் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே இறங்கப் பார்த்தால் தகடுகள் தானாக நிற்கும்படி ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்டினாள். அளவான குளிர், சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் ஐந்தாம் நடைமேடைக் கூட்டத்தில் போய் நின்றாள். "ஐந்தாம் நடைமேடையில் நிற்கும்..." என்று குரல் எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டியின் பெயர், ஊர், நேரம் என ஒன்று விடாமல் சொல்லி முடித்தது. அடுத்த அறிவிப்பு, அதற்கடுத்தது, எதுவும் நிற்கவில்லை.

பிறகு அதே குரல் கொஞ்சம் குறும்போடு வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. பிரிட்ஜ் அக்கா எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். அவர் காப்பாற்றிய குரல் அவருக்காகக் காத்திருக்கிறது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "ஐயோ, ஊரைக் கூட்டி என் மானத்த வாங்கறாரே இந்த மனுஷன்!" என்று கண்ணைத் துடைத்தாள்.

அறிவிப்பு அறை பக்கத்தில்தான் இருந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லா நடைமேடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போனாள்.