கார்டின் ஓரத்தில் எழுதியது

போன வாரம் பெரியவன் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். "அப்பா, டைப் அடிக்கத் தெரியும்னு போட்டுரவா? வேலை கெடச்சப்புறம் கத்துக்கிட்டாப் போச்சு" என்று கேட்டான். நான் எழுந்து போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பான். கோபம் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெரியவனே, சின்னவனே, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலம். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நூல் கடை வியாபார மந்தத்தில் மூடிப்போயிற்று. ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது. எட்டு மாதம் வேலை இல்லை. அப்போது நாம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். ஆடி முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் உங்கள் அம்மாவும் நீங்களும் மேலூரில் மாமன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சாகியிருந்தது. அங்கே போனால் உங்கள் அக்காவின் படிப்பு நின்றுவிடும். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. மாமன் வீட்டில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பஞ்சுக் கம்பெனியிலிருந்து தபால் கார்டு வந்தது. கிடங்கு குமாஸ்தா வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இந்தக் கார்டுடன் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது.

கூட வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன் வீடு தேடி வந்து புத்தி சொன்னான். "மாப்ள, மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகாத. சிரிச்ச முகமா இரு. எது கேட்டாலும் தெரியும்னு சொல்லு. தெரியாதுன்னு சொன்னவனுக்கு எவன்டா வேலை குடுத்தான்?" அவனுக்கும் வேலை இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உங்கள் அம்மாவின் கவலை வேறு. "ஏங்க, வெள்ளிக்கிழமை பதினோரு மணின்னா ராகு காலமாச்சே. பன்னெண்டுக்கு மேல உள்ள போற மாதிரி பாத்துக்கங்க." நான் மறதிக்காரன். கையில் அகப்பட்ட பென்சிலால் அந்தக் கார்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டேன்: 'ராகு 10½ – 12. எப்படியாவது 12க்கு மேல் உள்ளே போக வேண்டும்.'

கம்பெனித் தாழ்வாரத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். என் பெயர்தான் முதலாவது என்று பியூன் சொன்னார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த தடித்த ஆள் அதைக் கவனித்துவிட்டு, "என்னண்ணே, ராகு காலமா? ஆறு பேருக்கும் அதே ராகுதான். உங்களுக்குன்னு தனியாவா வரப்போறாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சேச்சே, எனக்கு அதெல்லாம் கெடையாது" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

கடைசியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர், இருபது வயதிருக்கும். எழுந்து என்னிடம் வந்தார். "அண்ணே, எனக்கு ஜும்மா தொழுகைக்குப் போகணும். என் முறை வர்றதுக்குள்ள நேரமாயிரும். நீங்க சம்மதிச்சா உங்க முறைல நான் போயிக்கிறேன், கடைசில என் முறைல நீங்க போங்க" என்றார். சாமியே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. அதை வெளிக்காட்டாமல், "போங்க தம்பி. தொழுகையவிடவா எனக்கு அவசரம்?" என்றேன். தடித்த ஆள்கூட, "பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றார்.

நான் உள்ளே போனபோது மணி பன்னிரண்டே கால். மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க. அந்தப் பையன் சொன்னான், கேட்டதும் முறைய விட்டுக் குடுத்தீங்களாமே. இந்தக் காலத்துல யாரு குடுக்குறா?" என்றார்.

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிநேகிதன் சொன்ன சிரித்த முகம் தானாகவே வந்தது. "தொழப்போற பிள்ளை சார். மனசு கேக்கல. வேலை இன்னைக்குப் போனா நாளைக்கு வரும்" என்றேன். கேட்காமலே மேலும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: "வேற ஒரு காரணமும் இல்ல சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கையை நீட்டினார். "கார்டைக் குடுங்க."

கொடுத்தேன். கொடுத்து, அவர் கண்ணாடியை எடுத்துப் போடும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கையை நீட்டித் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் கார்டை ஒருமுறை படித்தார். பிறகு பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "எப்படியாவது பன்னெண்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும்."

கார்டை மேஜைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுலயும் ராகு காலம் பாக்காம வாசப்படி தாண்டவிட மாட்டாங்கய்யா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "இதச் சொல்லியிருந்தா நான் என்ன, கழுத்தையா அறுத்துருப்பேன்?"

பிறகு என் விண்ணப்பத்தை எடுத்தார். "அஞ்சாம் பாரம் வரைக்கும் படிப்புன்னு போட்டிருக்கு. இதாவது நெசமா?"

"இல்ல சார். மூணாம் பாரம்."

"இந்த வேலைக்கு மூணு போதுமே. எதுக்கு ரெண்டு கூட்டுனீங்க?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. மூன்றாம் பாரம் படித்தவனாக அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். அவர் கணக்கில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நன்றாகச் சொல்லியிருப்பேன். பஞ்சுப் பொதி எடை, கழிவு, எல்லாம் மனக்கணக்காகவே போட வரும் எனக்கு. கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "கிடங்குச் சாவிய நம்பிக் குடுக்கிற வேலைங்க இது. போயிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு நேராகப் போகக் கால் வரவில்லை. தெப்பக்குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் இல்லை. நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் வெயில் தாழும்வரை உட்கார்ந்துவிட்டுப் போனேன். வாசலிலேயே உங்கள் அம்மா, "எப்பங்க உள்ள போனீங்க?" என்று கேட்டாள். "பன்னெண்டே காலுக்கு" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல? "கார்டு போடுறேன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பினாள். தினமும் தபால்காரர் தெருவுக்குள் வரும்போது அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். "இன்னைக்கும் இல்லம்மா" என்று அவர் கையை விரித்துவிட்டுப் போவார். மாமன் ஆள் அனுப்பியபோதும், "ஒரு கார்டு வரவேண்டியிருக்கு, இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினாள். அந்தக் கார்டு வராது என்று தெரிந்தவன் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தேன். ஆடி முடிந்தது. ஒன்றும் வரவில்லை. "ராகு காலம் தாண்டித்தானே போனீங்க, அப்புறம் ஏன் கெடைக்கல?" என்று ஒருநாள் கேட்டாள். "அவங்க ஆளு எவனுக்கோ குடுத்துட்டாங்க" என்றேன்.

வேலை அந்த முஸ்லிம் தம்பிக்குத்தான் கிடைத்திருந்தது. பிறகு ஒருநாள் கீழவாசலில் என்னைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அன்னைக்கு நீங்க விட்டுக் குடுத்ததாலதான் எனக்குக் கெடச்சது" என்றார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மேலூர் பஸ் ஏறும்போது உங்கள் அக்கா சிலேட்டைப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அங்கே போய் நாலு மாதம் வைத்திருந்தாளாம், பிறகு உடைந்துபோனதாம். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்.

அதற்கப்புறம் நான் போன இடங்களில் மூன்றாம் பாரம் என்றுதான் சொன்னேன். உடனே வேலை கொடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கொடுக்கவில்லை. ஐந்து இடத்தில் இல்லை என்றார்கள். ஆறாவது இடம் இந்த அரிசி மண்டி. அதுவும் மூன்று வருஷம் கழித்து. ஆனால் அந்த ஐந்து முறையும் வீட்டுக்கு நேராகத் திரும்பி வர முடிந்தது. படிக்கட்டில் உட்கார வேண்டியிருக்கவில்லை.

பெரியவனே, டைப் தெரியாது என்றே எழுது.

அந்தக் கார்டு என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். நான் மண்டிக்குப் போனபின் அந்தக் கார்டையும் இந்தக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சாயங்காலம் நேராக வந்துவிடுகிறேன்.