மல்லிகா என் பேச்சைத் திருத்திய வருஷம்

வாத்தியார் தொழிலில் தொண்டை கட்டும், சாக்பீஸ் தூசியில் தும்மல் வரும்; ஆனால் நாம் பேசுவது பிள்ளைகள் காதில் எப்படி விழுகிறது என்பது மட்டும் ரிட்டையர் ஆகும்வரை தெரியவே தெரியாது. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம்.

சேர்க்கை நாள்

மார்டள்ளி கிராமத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மா, எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "மல்லிகாங்க. இவளுக்குக் கண்ணு தெரியாதுங்க டீச்சர். மத்தபடி கெட்டிக்காரிங்க" என்றார்.

நான் அன்பாகத்தான் விசாரித்தேன். தானாகச் சாப்பிடுவாளா? பாத்ரூமுக்குத் தனியாகப் போவாளா? கூட்டம் என்றால் பயப்படுவாளா? எல்லாக் கேள்வியும் அம்மாவிடம். அந்த அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதுபவர் மாதிரி பதில் சொன்னார். நடுவில் நின்ற பெண் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்தை என் பக்கம் நிமிர்த்தினாள்.

"டீச்சர், உங்க குரல் என் தலைக்கு மேலயே போகுதுங்களே. எறக்கி என்கிட்டயே கேளுங்க."

கணக்குப் பாடம்

சனிக்கிழமைதோறும் பார்வையற்றோர் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து அவளுக்குப் பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார். மற்ற நாட்களில் நான்தான். கணக்குக்குப் புளியங்கொட்டை கொடுத்திருந்தேன். ஆனாலும் ஒரு வாரமாக அவள் கொட்டைகளைத் தொடவே இல்லை. "புரியுதா?" என்றால் தலையாட்டுவாள். இவளுக்குக் கணக்கு வராதோ என்று எனக்குள் ஒரு முடிவே எடுத்துவிட்டேன்.

ஒரு நாள் கரும்பலகையைத் தட்டித் தட்டி, "இதையும் இதையும் கூட்டினா இது, இங்கே இதை எழுதணும்" என்று நடத்தி முடித்தேன். மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். அவள் மட்டும் மேஜையைத் தடவிக்கொண்டு என் அருகில் வந்தாள். தனியாகக் கேட்டால் எனக்குச் சங்கடம் இருக்காது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"டீச்சர், 'இது'ன்னா எத்தனைங்க?"

மறுநாள் முதல் எண்களை வாய்விட்டுச் சொன்னேன். ஃபெயிலாகி இரண்டாவது வருஷமாகக் கடைசி பெஞ்சில் அரைத் தூக்கத்தில் இருந்த சரவணனும் கணக்குப் போட ஆரம்பித்தான். ஏனடா திடீரென்று என்று கேட்டேன்.

"எனக்கும் போர்டு சரியா தெரியாது டீச்சர். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

பார் என்ற சொல்

பட்டபின் ஞானம் வந்தால் அளவோடு வருமா? அடுத்து நான் 'பார்' என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கி, "நாளைக்குச் சந்திக்கலாம்" என்பேன், மேடைப் பேச்சாளர் மாதிரி.

தசரா விடுமுறை முடிந்து வந்தவள், "அப்பா தோள்ல உக்காந்து ஊர்வலம் பாத்தேன்" என்றாள். யானை மணி கிட்ட வரவரக் கூட்டம் சத்தம் குறைந்ததையும், குதிரைகள் போன பிறகும் வாசனை போகாததையும் விவரமாகச் சொன்னாள். நான் எதைச் சொல்வது, எதை விடுவது என்று திணறியதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"'பாக்கலாம்'னே சொல்லுங்க டீச்சர். நானும் அப்படித்தான் சொல்றேன்."

வகுப்பு கூட்டும் முறை

வகுப்பறை கூட்டும் பட்டியலில் அவள் பெயரை நான் எழுதவில்லை. அது கருணை என்று நினைப்பு. "வீட்டுல நான்தானுங்க கூட்டறேன். இங்க என் முறை எப்போ?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. அன்றே எழுதினேன்.

வியாழக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு, மண் எங்கே நெருடுகிறது என்று காலால் தேடித்தேடிக் கூட்டினாள். மறுநாள் காலை லீடர் சாந்தி கோபத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஏன் கண் கலங்கியது என்று அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை புரியவில்லை.

"டீச்சர், மல்லிகா பெஞ்சுக்கு அடியில கூட்டவே இல்ல! மறுபடி அவளையே கூட்டச் சொல்லுங்க!"

ஆண்டுத் தேர்வு

எங்கள் தலைமை ஆசிரியர் கன்னடக்காரர், இளகிய மனசு. 'பாப' என்பார், நம் 'பாவம்'தான். மல்லிகாவுக்கு அது இனிஷியல் மாதிரியே ஆகிவிட்டது. "பாப, அவளுக்கு எதுக்குப் பரீட்சை? பாஸ் போட்டுடுங்க" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஃபெயிலானால் படிப்பை நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் அவளிடம் கேட்டேன். "எழுதறேன்" என்றாள். நான் கெஞ்சியதில், தானே வாய்மொழியாகக் கேட்பதாகத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

அரை மணி நேரம் கேட்டார். வகுத்தல் கணக்கில் ஒன்று தப்பு. "பாப, பரவாயில்லை" என்று முழு மார்க் போடப் போனார். "தப்புக்குக் குறைங்க சார்" என்றாள். குறைத்தார். குறைத்த பிறகும் பாஸ். மனுஷர் எழுந்து நின்று, "பாப மல்லிகா, பாஸ்!" என்று வராந்தா வரை கேட்க அறிவித்தார். அவள் சிரித்துக்கொண்டே அவர் பாஷையிலேயே திருத்தினாள்.

"பாப அல்ல சார், மல்லிகா."

சிவப்பு மைப் பேனாவை நம்மிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், சக வாத்தியார்களே, ஆனால் நம் சொந்தப் பேச்சு என்று வரும்போது மட்டும் அதில் மை இறங்குவதில்லை.