கத்தப் போனவர்கள்

"...அதை விடு, தோத்தது தோத்ததுதான். நான் கேக்கிறது வேறை. உங்கடை பஸ் எத்தினை மணிக்கு வந்தது?"

அக்கா, கூட்டிவரப் போன என்னிடம் இதைக் கேட்டது எங்கள் நயினாதீவு இறங்குதுறையில், காலை முதற்படகால் இறங்கிய கையோடு. எனக்கு அப்போது பதினொரு வயது. எதையும் பட்டென்று சொல்லிவிடுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அது யோசித்துவிட்டுத்தான் திறந்தது. ஏன் என்று சொல்வதானால் முதல்நாள் பின்னேரத்துக்குப் போகவேண்டும்.

நாங்கள் இருவரும் படித்தது கடலுக்கு அந்தப் பக்கம், அடுத்த தீவில் இருந்த ஒரு கல்லூரியில். முதலில் படகு, பிறகு பஸ். பின்னேர பஸ்சை விட்டால் கடைசிப் படகும் போய்விடும். "கடலும் காத்திராது, கடைசி பஸ்சும் காத்திராது" என்பதை அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துத் தினமும் கட்டித் தருவா. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்கிய வயதில் நாங்கள் பஸ்சின் ஹோர்ன் சத்தத்தைப் பாடமாக்கினோம்.

அக்கா கூடைப்பந்து அணித் தலைவி. அணி என்றால் ஏழு பேர்; அதில் ஒருத்திக்கு அடிக்கடி காய்ச்சல். அவர்கள் ஆடிய ஆட்டமெல்லாம் ரவுணுக்குப் போய், நகரத்துப் பள்ளிக்கூடங்களில். அங்கே எதிரணிக்கு மைதானம் முழுக்கச் சனம் கத்தும். எங்களுக்கு விளையாட்டு ரீச்சர் ஒருவர் மட்டும் கைதட்டுவார். அப்பாவுக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. "தீவிலை பிறந்தவளுக்குப் பந்தென்ன, வளையமென்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். "வாற ஆட்டத்திலை வெண்டால் மாகாணப் போட்டிவரைக்கும் போ, நான் குறுக்கை நிக்கேல்லை. தோத்தால் அந்தச் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுப் புத்தகத்தை எடு."

அந்த ஆட்டம் முதன்முறையாக எங்கள் கல்லூரித் திடலில். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "எனக்கு ஒண்டும் வேண்டாம். கத்துறதுக்கு ஆக்களைக் கொண்டு வா. எங்களுக்கெண்டு ஒரு சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்காது."

நான் நாற்பது பேரைச் சேர்த்தேன். மதியச் சாப்பாடு சமைக்கும் அக்காமாரிடம் கெஞ்சி இரண்டு சட்டி மூடி வாங்கினேன். என்ன சொல்லிக் கத்துவது என்பதில்தான் சண்டை வந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றே வென்றது. படகுக்காரர் ஆள் சேர்க்கும்போது போடுகிற சத்தம். அக்காவின் கையில் பந்து விழுந்தால் போதும், "ஏறு, ஏறு, இன்னும் ரெண்டு பேர்!" என்று நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கிழியும். ரவுணுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "உதென்னடி, விளையாட்டோ வள்ளமோ?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏறிப் பாரன், தெரியும்!" என்றேன் நான்.

சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அடங்கினார்கள். அக்கா அன்றைக்கு ஆடியதை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. எறிந்ததெல்லாம் விழுந்தது. கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது நாங்கள் ஆறு புள்ளி முன்னால்.

ஆனால் ரவுண் அணி பிந்தி வந்ததால் ஆட்டமும் பிந்தித்தான் தொடங்கியிருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. நான் மேசையொன்றில் ஏறி நின்று மூடியை அடித்துக்கொண்டிருந்தேன். வாய் ஏறு ஏறு என்றது. காது றோட்டில் கிடந்தது. அப்போது கேட்டது, நீளமாக ஒரு ஹோர்ன்.

"பஸ்!" என்று முதலில் கத்தியது நான்தான்.

பிறகு யாரும் யோசிக்கவில்லை. புத்தகப் பையைத் தூக்கினோம், ஓடினோம். அந்த பஸ்சில் போகவேண்டியவர்கள் முப்பது பேர் இருக்கலாம். மிச்சப் பத்துப் பேரும் நாங்கள் ஓடுவதைக் கண்டு ஓடிவந்தார்கள். அவர்களுடைய வீடுகள் கூப்பிடு தூரத்தில்.

சந்தியில் பஸ் இல்லை. ரவுண் அணி வந்த வாடகை பஸ்சை அதன் சாரதி வேப்பமர நிழலுக்கு நகர்த்தியிருக்கிறார். குறுக்கே நின்ற மாட்டுக்கு அடித்த ஹோர்ன் அது. சந்திக் கடைக்காரர் வாழைக்குலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"பிள்ளையள், அது அவையின்ரை பஸ். உங்கடை பஸ் இன்னும் வேலணையே தாண்டியிராது. போய் விளையாட்டைப் பாருங்கோ."

"திரும்பிப் போவமே?" என்றாள் என் சிநேகிதி.

"போய் நிக்கேக்கை பஸ் வந்தால்?" என்றேன்.

கடைக்காரர் பொய் சொல்லாத மனிதர், அது எங்களுக்குத் தெரியும். இருந்தும் அசையவில்லை. நாற்பது பேர், சட்டி மூடிகளோடு, வெறும் றோட்டைப் பார்த்தபடி நின்றோம். திடலிலிருந்து விசில் கேட்டது. பிறகு ஒரு பெரிய ஆரவாரம். அது எங்களுடையது அல்ல. கத்தக்கூடிய நாங்கள் எல்லோரும் சந்தியில் அல்லவா நின்றோம். மறுபடி ஒன்று. மறுபடியும். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் றோட்டை இன்னும் கவனமாகப் பார்த்தோம். பஸ் வந்து சேர அரை மணித்தியாலம் ஆனது.

அணிப் பிள்ளைகள் அன்றிரவு ரீச்சர் வீட்டில் தங்கினார்கள். முடிவை ரீச்சர் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று புள்ளியால் தோல்வி. கடைசியில் கிடைத்த இரண்டு இலவச எறிகளையும் அக்கா தவறவிட்டாவாம். அப்பா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

போன வருசம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது திடலுக்குள் நுழைந்து பார்த்தேன். வளையத்தில் வலை இல்லை, வெடிப்புக்குள் புல். இலவச எறி எறிகிற கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதில் போய் நின்று வளையத்தை நிமிர்ந்து பார்த்தேன். வளையத்துக்கு நேர் கீழே, கம்பி வேலிக்கு அப்பால், சந்தி தெரிகிறது. வேப்பமரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது; இடையில் மறைக்க இன்றைக்கும் ஒன்றுமில்லை, அன்றைக்கும் ஒன்றுமில்லை. கடையில் தொங்கும் வாழைக்குலையைக்கூட எண்ணலாம்.

ஆனால் அந்தக் காலையில், இறங்குதுறையில், இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? "உங்கடை பஸ் எத்தினை மணிக்கு வந்தது?" என்று கேட்ட அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, முழுத் தைரியத்தோடு சொன்னேன்:

"நாங்கள் ஓடிப்போன உடனை வந்திட்டுது. ஒரு நிமிசம் பிந்தியிருந்தால் விட்டிருப்பம்."

"ஓம்," என்றா அக்கா. "பஸ்சை விட ஏலாதுதானே."

பிறகு அங்கேயே குந்தி, சப்பாத்து இரண்டையும் கழற்றினா. நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்து என் கழுத்தில் மாலையாகப் போட்டா. எனக்குத்தான் தந்துவிட்டாவென்று நான் துள்ளத் துள்ள, வெறுங்காலோடு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினா.