துரைக்கு ஊற்றிய தண்ணீர்

போன வருஷம் அக்டோபர் மாதம், துபாயில் ஜெபல் அலி பக்கம் ஒரு வில்லா குடியிருப்பில் நடந்தது இது. நான் இலங்கை மலையகத்துக்காரி. அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் சமையல், துணி, பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறேன். அந்த வீட்டு நாயை நடக்கக் கூட்டிப் போவதும் என் பொறுப்புதான். அவனுக்குச் சப்பை மூக்கு, தொங்கிய கன்னம், குட்டைக் கால், நல்ல கனம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜரைத் துரை என்போம். அவரைப் போலவே யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நடப்பதால் இவனுக்கும் துரை என்றே பெயர் வைத்துவிட்டேன். வீட்டில் கூப்பிடும் ஸ்டைலான பெயருக்கு அவன் அவ்வளவாகத் திரும்புவதில்லை.

கோடையில் விடியுமுன் ஒரு நடை, இருட்டியபின் ஒரு நடை. மற்ற நேரமெல்லாம் ஏசியில் குறட்டைதான். செப்டம்பர் பாதியில் வெளிவேலை செய்பவர்களுக்குக் கோடை வெயிலுக்காக அரசாங்கம் கொடுக்கும் மதிய ஓய்வு முடிந்துவிடும். அதோடு கோடையும் முடிந்துவிட்டதாக வீட்டுக்குள் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்டோபரில் காலையில் கொஞ்சம் காற்று வந்ததும், வெதர் மாறிவிட்டது என்று வீட்டுக்கார மேடம் நடையைப் பிற்பகலுக்கு மாற்றினார். எனக்குச் சீக்கிரம் ஓய்வு கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வெயில் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். போன மாதம் போல இல்லையே என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் கோடை முழுக்க ஏசியில் கிடந்த உடம்புக்கு அந்த வெயிலே அதிகம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்று காற்றே இல்லை, ஒரே புழுக்கம். குடியிருப்பின் கடைசித் தெருவுக்குப் போனதும் துரை ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். வழக்கமான பிடிவாதம் என்று சிரித்தேன். பிறகுதான் அவன் நாக்கைப் பார்த்தேன். கருநீலமாகி இருந்தது. வாயில் கஞ்சி நுரை மாதிரி எச்சில். எழுந்திருக்கப் பார்த்தவன் அப்படியே சரிந்தான். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேடத்துக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார்கள் போய்க்கொண்டே இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவனை நினைத்தும் அழுகை வந்தது, என்னை நினைத்தும் வந்தது. இவன் செத்துவிட்டால் என் வேலையும் விசாவும் அவ்வளவுதான். ஊரில் நர்சிங் படிக்கும் மகளின் படிப்பும் அதோடு சரி.

அப்போதுதான் ஒரு டெலிவரி பைக் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நான் அழுது புலம்பியதைக் கேட்டே தமிழ் என்று தெரிந்துகொண்டாராம், சிவகங்கைப் பக்கம் என்றார். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைத் துரையின் வயிற்றில் ஊற்றினார். அது ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. உடனே பைக் பெட்டியைத் திறந்து, ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்த ஒரு பையைப் பிடித்துக் கிழித்தார். யாரோ ஆர்டர் போட்ட குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள் அதில் இருந்தன. கஸ்டமர் சாமான் ஆயிற்றே தம்பி, வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன்.

"சாமான மறுபடி வாங்கிக்கலாம்க்கா. மூச்சு நின்னா நின்னதுதான்" என்றார்.

பாட்டில் பாட்டிலாக ஊற்றினோம். பையை மடித்து அவர் விசிறினார். பைக்கில் மாட்டியிருந்த அவருடைய போன் விடாமல் அடித்தது. அவர் திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடம் என்னைத் திரும்ப அழைத்து, காரோடு ஓடி வந்தார். மூவருமாகத் துரையைத் தூக்கி உள்ளே போட்டோம், நானும் ஏறிக்கொண்டேன். கார் திரும்பும்போது பார்த்தேன். அந்தத் தம்பி சட்டையெல்லாம் நனைந்து, காலி பாட்டில்களுக்கு நடுவில் நின்று, போனில் யாரிடமோ "சாரி மேடம், சாரி மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

துரை பிழைத்தான். அங்கேயே தண்ணீர் ஊற்றியதால்தான் உயிர் தங்கியது என்று டாக்டர் சொன்னார். மேடம் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஆளைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும், கம்பெனிக்கும் எழுத வேண்டும், குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட்டில் நின்ற இன்னொரு தமிழ் டெலிவரிக்காரரிடம் அவரைத் தெரியுமா என்று விசாரித்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கஸ்டமர் பையப் பிரிச்சான்னு தெரிஞ்சா கம்பெனில ஐடிய பிளாக் பண்ணிருவாங்க. அப்புறம் அவன் ஊருக்குத்தான் போகணும்."

அன்றே மேடத்திடம் கெஞ்சி அதை எழுதவிடாமல் தடுத்தேன். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இருந்தாலும் விட்டுவிட்டார்.

இப்போது டிசம்பர் பிறக்கும்வரை இருட்டாமல் துரையை வெளியே கூட்டிப் போவதில்லை. எப்போது போனாலும் கையில் தண்ணீர் இருக்கும். டெலிவரி பைக் சத்தம் கேட்டால் நின்று முகத்தைப் பார்ப்பேன். அந்தத் தம்பி அந்தப் பக்கம் வரவே இல்லை. வேறு ஏரியாவுக்கு மாற்றிவிட்டார்களா, அந்த போனிலேயே எல்லாம் முடிந்துபோனதா, தெரியவில்லை. எங்கள் வீட்டு நாயின் உயிரைக் காப்பாற்றியவருக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே நன்றி, அதை வெளியே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.